நான் தொடாத பிரேக்கு

வண்டி இப்ப வந்துருமுங்க தம்பி. சித்த நேரம் உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாங்க, அதுல ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ஈரோட்டுல இருந்தா வர்றீங்க? அவ்வளவு தூரம் வந்தவரை வாசல்ல நிக்க வெச்சுப் பேசறது நல்லா இருக்காது. மோரு குடிக்கறீங்களா? ஊட்டுல ஆளில்லை, நானே கொண்டாரேன்.

இந்தாங்க. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், நான் போட்டது.

விக்கறேன்னு விளம்பரம் போட்டுட்டு வண்டியை ஊட்டுல வெக்காம எங்கயோ அனுப்பியிருக்கானே, இவன் என்ன ஆளுன்னு நினைப்பீங்க. நினைக்கறதுல தப்பில்லைங்க. யாரு எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு சொல்றேன். ஆனா அதைச் சொல்லோணும்னா முதல்ல இருந்து சொல்லோணும். எதுக்கு விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்கல்ல? ரெண்டுக்கும் ஒரே பதில்தானுங்க. வண்டியில ஒரு குத்தமும் இல்லை. குத்தமெல்லாம் மனுசங்க கிட்டத்தான்.

எங்கய்யன் வாங்குன வண்டிங்க அது. எழுபத்திரண்டு மாடல். அந்தக் காலத்துப் புல்லட்டுல எல்லாம் தலைகீழுங்க. வலது காலுல கியரு, இடது காலுல பிரேக்கு. இப்பத்த வண்டி ஓட்டிப் பழகுனவிங்க ஏறுனா அம்புட்டுதான். என்ற மச்சினன் ஒருக்கா நான் ஓட்டறேன் மாமான்னு வாங்கிட்டுப் போயி, பிரேக்குன்னு நினைச்சு கியரை மிதிச்சு, நேரா தேங்கா மட்டைக் குவியலுக்குள்ள போயிட்டான். அதுல இருந்து எவனும் கேக்கறதில்லை. எனக்கும் அது சவுரியம். உடுமலை வட்டாரத்துலயே இந்த வண்டியை சென்னியப்பன் ஒருத்தன்தான் ஓட்டுவான்னு ஒரு பேரு. பேருக்கு ஆசைப்படறதுல என்னங்க தப்பு?

முன் பிரேக்குன்னு ஒண்ணு இருக்குதல்லங்க, கையில பிடிக்கறது? அதை நான் தொட்டதே இல்லை. எங்கய்யன் வண்டியைக் குடுக்கறப்ப அது ஒண்ணுதான் சொன்னாரு. "முன் பிரேக்கைத் தொட்ராதே சென்னி, தூக்கி வீசிரும்." உங்க ஊர்லயும் இதே நாயந்தான் சொல்லியிருப்பாங்க. நம்ம பக்கத்துல எல்லாரும் இதையே சொல்லித்தான் வண்டி பழகுனோம். முப்பது வருசத்துக்கு மேல ஓட்டியிருக்கேன், அந்தக் கம்பி மேல என்ற விரலு பட்டதில்லை. கியரைக் குறைச்சுட்டே வந்து, இடது காலைப் பதமா வெச்சா நின்னுரும். நிக்கோணும்னு நினைச்ச எடத்துக்குக் கொஞ்சம் அக்கட்டால நிக்கும், அம்புட்டுதான். அதுக்கென்ன பண்றது? அத்தனை கனமான வண்டி.

மெக்கானிக்கு திருமூர்த்தின்னு ஒருத்தன். மெக்கானிக்குன்னு சொல்றதே தப்பு. ரெண்டாப்புல இருந்து ஒரே பெஞ்சு. என்ற கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப எங்கூட வந்தவன். தளி ரோட்டுல பட்டறை. எனக்கு உர மருந்துக் கடை இருக்குதுங்க, கடையைச் சாத்துனா நேரா அவன் பட்டறைதான். ஒரு டீ, கொஞ்சம் ஊர் நாயம், அப்பறந்தான் ஊட்டுக்கு. இந்த வண்டியில அவனைத் தவிர வேற ஒருத்தன் ஸ்பேனர் வெச்சதில்லை.

போன வருசம் ஆடி மாசம். வண்டியை ஆயில் மாத்த விட்டிருந்தேன். நான் கடைக்குப் போறதெல்லாம் டிவிஎஸ் மொபெட்டுலதானுங்க, மூட்டை வெக்கறதுக்கு அதுதான் தோது. புல்லட்டு ஞாயித்துக்கிழமைக்கு மட்டும். மத்த நாளு கவர் போட்டு உள்ளே நிக்கும். நிக்கும்னுதான் நினைச்சுட்டிருந்தேன்.

ஆயில் மாத்தப் போன வண்டி அவங்கிட்டயே கிடக்குது. போயிப் பாத்தா முன் சக்கரத்தைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கான். என்ன மாப்ளேன்னேன். "பிரேக்கு பிளேட்டுல விரிசல் உட்டிருக்குது மாப்ளே, மாத்தோணும்"னான். சரி மாத்துன்னேன். "அதே மாதிரி கிடைக்காது. ரெட்டை லீவர் பிளேட்டு ஒண்ணு கோயமுத்தூர்ல சொல்லி வெச்சிருக்கேன்"னான். அதாவதுங்க, பழைய பிளேட்டுல உள்ள இருக்கற ரெண்டு ஷூவுல ஒண்ணுதான் நல்லாக் கடிக்கும், இன்னொண்ணு சும்மா ஒரசிட்டுக் கிடக்கும். இந்தப் புது பிளேட்டுல ரெண்டும் கடிக்கும். நான் தொடாத பிரேக்குக்கு எதுக்குடா ரெண்டு ஷூவும் கடிக்கோணும்னு கேட்டேன். சிரிச்சான். "இருந்துட்டுப் போகட்டும் மாப்ளே"ன்னான்.

அவன் அந்த வேலையைப் பாத்த பவுசு இருக்குதே, அதை இப்ப நினைச்சா வயிறு எரியுதுங்க. லேத்துக்குக் கொண்டு போயி டிரம்மை லேசாச் சீவிட்டு வந்தான். ஷூ மேல ஒட்டியிருக்கற லைனிங்கை உப்புக் காயிதத்துல தேச்சுத் தேச்சு உக்கார வெச்சான். கேபிளு புதுசு. மாட்டி, ஓட்டிப் பாத்து, மறுபடியும் கழட்டி, மறுபடியும் மாட்டி. வேற எவன் வேலையையும் தொடலை. அப்பறம் அந்தக் கையில பிடிக்கற கம்பி, அதைக் கொஞ்சம் வளைச்சு பிடிக்குக் கிட்டத்துல கொண்டு வந்து வெச்சான். இதெதுக்குடான்னேன். "விரலுக்கு எட்டோணுமல்ல"ன்னான். என்ற விரலு என்னடா சிறுசாயிருச்சான்னு கேட்டேன். "வயசாகுதுல்ல மாப்ளே, பிடி குறையும், இப்பவே வசதி பண்ணி வெச்சுக்கலாம்"னான்.

எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. சிநேகிதன்னா இப்பிடி இருக்கோணும், நாளைக்கு நமக்கு என்ன ஆகும்னு இன்னிக்கே யோசிக்கறான் பாருன்னு ஊட்டுல வந்து சாந்தாமணி கிட்டச் சொன்னேன். சாந்தாமணி என்ற ஊட்டுக்காரிங்க. அவ வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. "ஆமாங்க, நல்ல மனுசன்"ன்னா. தலையைத் தூக்கவே இல்லை.

சாந்தாமணிக்கு முதுகு வலி. அதையும் சொல்லிப்போடறேன். கல்யாணமான புதுசுல எம்பொறகால உக்காந்து பழனி, ஆனைமலைன்னு எல்லாப் பக்கமும் வந்தவதான். அப்பறம் ஒரு நாளு, முதுகு வலிக்குது, புல்லட்டு அதிருது, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்னு சொல்லிப்போட்டா. பல வருசமாச்சு. பாலக்காட்டுல இருந்து தைலம் வாங்கியாந்து குடுத்தேன். இடுப்புல கட்டற பெல்ட்டு வாங்கிக் குடுத்தேன். நான் ஒரு குறையும் வெக்கலைங்க. கண்ணாலம் காட்சின்னா நான் வண்டியில போவேன், அவ பஸ்ஸுல வருவா. மண்டபத்து வாசல்ல நான் நின்னு அவளைக் கூட்டிட்டு உள்ளே போவேன். எத்தனை பேரு நிப்பாங்கன்னு சொல்லுங்க?

ஒரே மக. மௌனிகா. மோனி, மோனின்னு கூப்பிடறது. பாலிடெக்னிக்குல பாடம் நடத்தறா. பள்ளிக்கூடம் படிக்கறப்பவே புல்லட்டைக் கத்துக் குடுங்கப்பான்னு கேட்டா. அம்மிணி, இது ஆம்பளை வண்டி, உனக்குத் தோதுப்படாதுன்னு தன்மையாத்தான் சொன்னேன். பாவம் ஆசைப்படறாளேன்னு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தேன், ரோஸ் கலருல. பாலிடெக்னிக்குக்கு அதுலதான் போறா. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. தங்கமான புள்ளைன்னு நினைச்சுட்டிருந்தேன்.

தை மாசம் முன் டயரு பஞ்சர் ஆயிப்போச்சு. திருமூர்த்தி அன்னிக்கு ஊர்ல இல்லை, ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிட்டான். சரின்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வேற ஒரு பட்டறைக்குத் தள்ளிட்டுப் போனேன். அங்கத்த ஆளு சக்கரத்தைக் கழட்டுனவன், பிரேக்கைப் பிரிச்சுப் பாத்துட்டு, "லைனிங் நல்லாத் தேஞ்சிருக்குதுங்கண்ணா, முன் பிரேக்கு பிடிச்சு அருமையா ஓட்டறீங்க போல"ன்னான்.

நான் தொடறதே இல்லையேன்னேன்.

அவன் என்னைப் பாத்தான். நான் அவனைப் பாத்தேன். தொடாத பிரேக்கு எப்பிடிங்க தேயும்?

அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கோணும். புரியலைங்க. திருமூர்த்தி வந்ததும் அவங்கிட்டத்தான் போயிக் கேட்டேன். ஏன் மாப்ளே இப்பிடித் தேஞ்சிருக்குதுன்னு. கையை வேஸ்ட்டுத் துணியில தொடைச்சுட்டே இருந்தான். கையில அழுக்கே இல்லை, தொடைச்சுட்டே இருந்தான். "நம்மூரு செம்மண்ணு மாப்ளே, உள்ளே போயி அரைச்சுப்போடும்"னான். நான் அதை நம்புனனுங்க. நம்பறதோட நின்னனா? அந்தப் பஸ் ஸ்டாண்டு பட்டறைக்காரங்கிட்டப் போயி, செம்மண்ணு அரைக்கறது கூடத் தெரியாம நீயெல்லாம் என்னய்யா மெக்கானிக்குன்னு சொல்லிப்போட்டு வந்தேன். இப்ப அந்தத் தெருவுல எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறது?

அப்பறம் மாசி மாசம் ஒரு புதன்கிழமை. பொள்ளாச்சி ரோட்டுல ஒரு தோட்டத்துக்காரரு உரம் கேட்டிருந்தாரு, மொபெட்டுல போனேன். ரயில்வே கேட்டு சாத்தியிருந்துச்சு. அங்கே ஒரு டீக்கடை. டீ சொல்லிட்டு நிக்கறேன், ஒரு சத்தம் வருது. புல்லட்டு சத்தம் ஆயிரம் கேக்கலாமுங்க. நம்ம வண்டி சத்தம் நமக்குத் தெரியாதா? ஊட்டுல கவர் போட்டு நிக்கற வண்டி இங்கே எப்பிடி வருதுன்னு திரும்பிப் பாக்கறேன்.

மோனி ஓட்டிட்டு வர்றா. எறக்கமுங்க அது, முன்னால ஒரு பஸ்ஸு நிக்குது. அந்த எறக்கத்துல நானா இருந்தா பஸ்ஸைத் தாண்டிப் போயி ஓரமாத்தான் நிறுத்தியிருப்பேன். அவ ரெண்டு விரலை அந்தக் கம்பி மேல வெச்சா. சும்மா, பூ பறிக்கற மாதிரி. வண்டி குனிஞ்சு, அப்பிடியே பஸ்ஸுக்குப் பொறகால நின்னுருச்சு. தூக்கியும் வீசலை, ஒண்ணும் இல்லை.

அதைக் கூடத் தாங்கிக்குவனுங்க. அவளுக்குப் பொறகால உக்காந்திருந்தது சாந்தாமணி.

முதுகு வலிக்காரி. சுடிதாரு போட்டுட்டு, ரெண்டு பக்கமும் காலைப் போட்டுட்டு, தலையில ஹெல்மெட்டு. அவளுக்குச் சுடிதாரு இருக்கறதே எனக்குத் தெரியாது. மக காதுகிட்ட என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. அந்தச் சிரிப்பை நான் பாத்து எத்தனை நாளாச்சுன்னு எனக்குத் தெரியலைங்க.

நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? டீக்கடை பாய்லருக்குப் பொறகால போயி ஒளிஞ்சுட்டேன். தப்புப் பண்ணுனது அவிங்க, நான் எதுக்கு ஒளியோணும்? இன்னிக்கு வரைக்கும் தெரியலை. கேட்டு தொறந்து அவிங்க போற வரைக்கும் அங்கயே நின்னேன். டீ மேல ஆடை கட்டிப்போச்சு.

நேரா திருமூர்த்தி பட்டறைக்குப் போனேன். பாத்துட்டேண்டான்னேன். அவனுக்கு விளங்கிப் போச்சு. கீழே உக்காந்தான். "புள்ள லைசென்ஸை எடுத்துட்டு வந்து நின்னுச்சு மாப்ளே. நீ கடைக்குப் போனதும் வண்டியை எடுத்து ஓட்டப் பழகிட்டிருந்துச்சு, ரெண்டு தடவை கீழே விழுந்திருச்சு. ஸ்கூட்டி ஓட்டற புள்ள, காலு எது கியரு எது பிரேக்குன்னு அவசரத்துல மாறிப்போகுது. கைப் பிரேக்கு ஒண்ணுதான் எல்லா வண்டியிலயும் ஒரே எடத்துல இருக்குது. ஓட்டாதேன்னு சொன்னா அது கேக்காது, உன்ற புள்ள. சரி, அதையாச்சும் நிக்கற மாதிரி பண்ணிக் குடுப்பமேன்னு பண்ணுனேன்"ன்னான்.

அப்ப அந்த விரிசலுன்னேன்.

"விரிசல் ஒண்ணும் இல்லை"ன்னான்.

பாருங்க, அந்தக் கம்பியை வளைச்சானே, விரலுக்கு எட்டோணும்னு, அது என்ற விரலுக்கு இல்லை. அவ விரலுக்கு. வயசாகுதுல்ல மாப்ளேன்னு என் கண்ணைப் பாத்துச் சொன்னான் தம்பி. நான் அதை ஊர் பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லடான்னு கேட்டேன். "சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"ன்னு கேக்கறான். சாவியை எடுத்துப் பீரோவுல பூட்டியிருப்பேன், வேற என்ன பண்ணுவாங்க? அதையே சொன்னேன். "அதான்"னான். அம்புட்டுதான் பேச்சு. அதுக்கப்பறம் அந்தப் பட்டறைப் படி ஏறலைங்க. கடையைச் சாத்திட்டு இப்பச் சுத்து வழியிலதான் ஊட்டுக்கு வர்றேன். சாயங்காலம் டீ குடிக்கற நேரம் வந்தா கையும் காலும் என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குது. அவனுக்கும் அப்பிடித்தான் இருக்கும். இருக்கட்டும்.

அன்னிக்குப் பொழுதோட ஊட்டுக்கு வந்தேன். சாந்தாமணி சேலை கட்டிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி சோறு போட்டா. முதுகு வலி எப்பிடி இருக்குதுன்னு கேட்டேன். கரண்டியைக் கீழே வெச்சா. மோனி உள்ளே இருந்து எந்திரிச்சு வந்து கதவுகிட்ட நின்னா.

"முதுகுக்கு ஒண்ணும் இல்லைங்க. எப்பவும் இருந்ததில்லை"ன்னா.

பாலக்காட்டுத் தைலமுன்னேன்.

"அது கணுக்கால் வலிக்கு நல்லா இருந்துச்சு"ன்னா.

பின்னே எதுக்குடி எம்பொறகால உக்கார மாட்டேன்னேன்னு கேட்டேன். சண்டைக்கு வருவான்னு பாத்தேன். அவ சத்தமே போடலைங்க. "மோனிகிட்ட நிறுத்துன்னா நிறுத்தறா"ன்னா. அப்பறம் சொன்னா. "நான் கடைசியா உங்க பொறகால வந்த அன்னிக்கு, எங்கம்மா கோமங்கலத்துல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தா. கையில ஒரு பை. நம்ம ஊட்டுக்குத்தான் வர்றதுக்கு நின்னுட்டிருந்தா. நான் உங்க தோளைத் தட்டுனேன். நிறுத்துங்க, எங்கம்மா நிக்கறான்னு சொன்னேன். நீங்க நிறுத்தலை. அவ கையைத் தூக்குனா, நான் திரும்பிப் பாத்துட்டே போனேன். அவ பஸ் ஏறலை, திரும்பி ஊட்டுக்கே போயிட்டா. எம்புள்ள என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டான்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா. இல்லம்மா, அவரு நிறுத்தலைன்னு சொன்னேன். பொண்டாட்டி நிறுத்துன்னு சொன்னா நிறுத்தாத புருசன் இருப்பானாடின்னு கேட்டா. அவ நம்பலை. நான் என்னன்னு சொல்லட்டும்?"

சத்தியமா எனக்கு அது ஞாபகமே இல்லைங்க தம்பி. கோமங்கலமுன்னா அங்கே ரோடு நல்லா இருக்கும், வண்டி வெசையாப் போயிருக்கும். அந்த வெசையில எப்பிடிங்க நிறுத்தறது? திரும்பி வந்திருக்கலாமேன்னு நினைக்கறீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. புல்லட்டை நடு ரோட்டுல திருப்பறது சைக்கிளைத் திருப்பற மாதிரியா? சரி, அதை விடுங்க. இத்தனை வருசம் அதை மனசுல வெச்சுட்டு, முதுகு வலி முதுகு வலின்னு ஏன் சொன்னா? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அம்மாளை நானே போயி வண்டியில கூட்டிட்டு வந்திருக்க மாட்டனா? சொல்லாம விட்டதும் துரோகந்தானுங்க. திருமூர்த்தியாவது ஏழெட்டு மாசம் மறைச்சான். இவ எத்தனை வருசம் மறைச்சிருக்கா?

அன்னிக்கு ராத்திரி பூரா அந்தப் பையில என்ன இருந்திருக்கும்னு யோசிச்சுட்டுக் கிடந்தேன். கேக்கலை. கேட்டா அவளுக்கு எக்காளமாப் போயிரும்.

காலையில எந்திரிச்சு வண்டியை விக்கப் போறேன்னு சொன்னேன். அழுவாங்க, கையைக் காலைப் பிடிப்பாங்கன்னு பாத்தேன். அப்ப ஒரு ரெண்டு நாளு முறைச்சுட்டு இருந்துட்டு, சரி தொலையுதுன்னு விட்டுரலாம்னு கணக்குப் போட்டேன். மோனி, "சரிங்கப்பா, உங்க வண்டி, உங்க இஷ்டம்"னா. சாந்தாமணி, "வித்துப்போடுங்க, அவ வேற ஒண்ணு வாங்கிக்குவா"ன்னா. நீங்க போன்ல பாத்தீங்களே, அந்தப் போட்டோ எல்லாம், அது எடுத்துப் போட்டது யாருன்னு நினைச்சீங்க? மோனிதான். தொடைச்சு, மினுக்கி, வெயிலுல நிறுத்தி எடுத்தா. முன் பிரேக்கு ரெட்டை லீவர் மாத்தினது, நல்லா நிக்கும்னு எழுதுனதும் அவதான். நீங்களும் அதைப் படிச்சுட்டுத்தான் வந்தேன்னு சொல்றீங்க. என்ற வண்டி விலை போறதே அந்தப் பிரேக்காலதான்னு ஆகிப்போச்சு. விக்கற வரைக்கும் ஓட்டிக்கறோம்னு சொல்லிட்டு இப்ப ரெண்டு பேரும் மறைக்காமயே எடுத்துட்டுப் போறாங்க. இன்னிக்கு சந்தைக்குப் போயிருக்காங்க. நான் ஊட்டுல உக்காந்து வண்டி பாக்க வர்றவிங்களுக்கு மோரு ஊத்திக் குடுக்கறேன்.

இருங்க. கேக்குதுங்களா? மில்லுகிட்டத் திரும்பிட்டாங்க. இன்னும் ரெண்டு நிமிசம்.

தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க. ஒரு உதவி பண்ணோணும். வண்டி வந்ததும் சுத்திப் பாருங்க, தாராளமா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. இடது காலுல பிரேக்கு, மறந்துராதீங்க. ஓட்டிட்டு வந்து, அவிங்க ரெண்டு பேரு முன்னாலயும், இந்தப் பிரேக்கு எனக்குப் பத்தாதுங்க, வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போயிருங்க. பிரேக்குல ஒண்ணும் இல்லைங்க, அவன் வேலையில குத்தம் கண்டுபிடிக்க முடியாது. அதனாலதான் உங்ககிட்டக் கேக்கறேன். நான் விலையைக் கூட்டிச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பலாம். ஆனா அப்ப எனக்கு விக்க மனசில்லைன்னு தெரிஞ்சு போயிரும். அது தெரிஞ்சா அப்பறம் இந்த ஊட்டுல எனக்கு என்ன மதிப்பு இருக்குது?

வண்டி போயிட்டா அவிங்க ரெண்டு பேரும் வேற ஒண்ணு வாங்கிட்டு ஏறிப் போயிருவாங்க. அதுக்குச் சாவி கூட எங்கே இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. இதுன்னா போகறப்ப கவரை எடுத்து மடிச்சு வெச்சுட்டுப் போறாங்க, வந்ததும் நான்தான் போடறேன்.

அதோ, வந்துட்டாங்க. எந்திரிக்காதீங்க, எறங்கி வரட்டும். பாத்தீங்களா, கேட்டுக்குச் சரியா நிறுத்திட்டா. சிரிச்சுட்டே வர்றாங்க பாருங்க.

எல்லாரும் எங்கிட்டப் பொய் சொன்னாங்க தம்பி. எனக்காக ஒரு பொய் சொல்லறதுக்குத்தான் இந்த ஊட்டுல ஆளில்லை. சொல்லுவீங்களா?